ரெண்டு தண்ணி

புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

நான் இந்தக் குழுவிலிருந்து விலகிக் கொஞ்ச காலம் ஆகிறது. திரை பார்க்கும் நேரத்தைக் குறைக்கும்படி கண் மருத்துவர் சொன்னார். குறைத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் வேலையை விட்டேன். உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரும்படி குழுத்தலைவி கேட்டிருக்கிறார். மதிப்பெண் போடுவது எப்படி, எந்தப் பிழைக்கு எந்தக் குறி என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இருந்தேன். அது மூடப்பட்ட பிறகு வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலைக்கு வந்தேன். வீடு பழவேற்காட்டில். வேதியியல் கேள்விகளுக்கு இயந்திரம் தரும் பதில்களைப் படித்து, எது சரி, எது தவறு, எது பாதி சரி என்று பிரிப்பேன். தவறானால், சரியான பதில் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டுவேன். அதிலிருந்து அது கற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டில் இதைக் "கம்ப்யூட்டருக்கு ட்யூஷன் எடுக்கறாங்க" என்று சொன்னார்கள். இதைவிடச் சரியான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்தில், எனக்குப் பழைய பெயர்தான்: லேப் அக்கா.

அந்த வருடம் தமிழ்க் கேள்விகளுக்கென்று தனித் தொகுப்பு ஒன்று வந்தது. பல ஊர்களில் மக்களின் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்து, உங்கள் பேச்சிலேயே என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டவுடன் இயந்திரம் பதில் சொல்லும். கேட்டவர் சம்மதித்தால், பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, அந்தக் கேள்வியும் பதிலும் எங்களிடம் வரும். ஒவ்வொன்றையும் மூன்று பேர் பார்ப்போம். ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை என் திரையில் வந்த கேள்வி இது:

"போட்டுக்கு ஊத்தற ரெண்டு தண்ணியையும் முன்னாடியே ஒண்ணா கலந்து பாட்டில்ல மூடி வெச்சுக்கலாமா? எதுனா ஆவுமா?"

இயந்திரம் நல்ல தமிழில் பதில் சொல்லியிருந்தது. படகைக் கழுவவோ அதன் இன்ஜினைக் குளிர்விக்கவோ நன்னீரையும் உப்புநீரையும் கலந்து வைப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. உப்பின் செறிவு மட்டும் குறையும். பாட்டிலை இறுக மூடி நிழலில் வைக்கலாம். உப்புநீர் உலோகத்தை எப்படி அரிக்கிறது என்றும் ஒரு பத்தி. எனக்கு முன்பு பார்த்த இருவரும் முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். இருவரும் நன்றாகப் படித்தவர்கள், ஒழுங்காக வேலை செய்பவர்கள். கேள்வியில் இருந்தது தண்ணீர் என்றால் அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அது தண்ணீர் இல்லை.

பைபர் படகில் விரிசல் விட்டால் கண்ணாடி இழைத் துணியை ஒட்டி, அதன்மேல் ரெசின் என்னும் பிசினைப் பூசுவார்கள். ரெசின் இறுகுவதற்கு இரண்டு திரவங்கள் சேர்க்க வேண்டும். ஒன்று ஊதா நிறம், இன்னொன்று நிறமற்றது. எங்கள் கரையில் படகுப் பட்டறைக்காரர்கள் ஒன்றை ஊதாத் தண்ணி என்பார்கள், மற்றதை வெள்ளைத் தண்ணி என்பார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ரெண்டு தண்ணி. ஊதாவை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் வெள்ளையை ஊற்ற வேண்டும். ரெசின் இல்லாமல் இந்த இரண்டும் நேராக ஒன்றையொன்று தொட்டால் கொதிக்கும், தீப்பிடிக்கும். மூடிய பாட்டிலில் என்றால் வெடிக்கும். வெள்ளைத் தண்ணி கண்ணில் ஒரு துளி பட்டாலே பார்வை போகும்.

அந்த இரண்டையும் பாட்டிலில் கலந்து, இறுக மூடி, நிழலில் வைக்கச் சொல்லியிருந்தது இயந்திரம்.

பதிலுக்குப் பூஜ்யம் போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், "எங்கள் பகுதியில் தண்ணி என்றால் ரெசினுக்கான திரவங்களையும் குறிக்கும். ஆபத்தான பதில்" என்று எழுதினேன். மூவரில் ஒருவர் மட்டும் இவ்வளவு தள்ளி நின்றால் கேள்வி தானாகக் குழுத்தலைவிக்குப் போகும். அவர் அழைத்தார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான். அவசரத்திலும் ஒருவரையும் குறுக்கே வெட்டாத குரல்.

"அக்கா, கேள்வியில ரெசின்ங்கற வார்த்தையே இல்லையே. ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு அர்த்தம்னு போனா எங்க நிறுத்தறது? ரெண்டு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. இதை ஸ்கிப் பண்ணிடுங்க. சாயங்காலத்துக்குள்ள தொகுப்பை மூடணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தவிர்த்துவிட்டால் அந்தக் கேள்வி பயிற்சியில் சேராது. தவறான பதிலை யாரும் சரி என்று கற்றுக்கொடுக்கப்போவதில்லை. எங்கள் வேலையைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. இந்தக் கேள்வியை யாரோ வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். பதிலும் அவருக்குக் கிடைத்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நாட்கள் அவை. படகுகள் எல்லாம் கரையில், பட்டறைகளில் வேலை மும்முரம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் யார் என்று நாம் தேடக் கூடாது. திரையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. இது நல்ல விதி. இதை நம்பித்தான் மக்கள் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். நான் அதை மீற விரும்பவில்லை. ஆனால் ரெசின் சாமான்களைப் பற்றித் தெரிந்த ஒரு பெண் பட்டறைப் பக்கம் போய், இரண்டையும் கலக்காதீர்கள் என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. இந்தச் செயலி வருவதற்கு முன்பும் நான் அதைச் சொல்லியிருக்கலாம். மதியம் கணினியை மூடிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன்.

அங்கே மூன்று பட்டறைகள். முதல் பட்டறை ஏழுமலையுடையது. பட்டறை என்றால் நான்கு சவுக்குக் கம்பம், மேலே நீலத் தார்ப்பாய். கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி செல்வி இழைத் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கோவ், லேப்பு அக்கா! இன்னா இந்தப் பக்கம்? போட்டு எதுனா வாங்கப் போறியா?" என்றான் ஏழுமலை.

"வாங்கினா நீதான் ஓட்டணும். ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஊதாத் தண்ணியும் வெள்ளைத் தண்ணியும் நேரா கலக்கக் கூடாது. தெரியும் இல்ல?"

அவன் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அய்ய! இத்தச் சொல்லவா வெயில்ல வந்தே? எங்க நைனா காலத்துலேர்ந்து ரெசின்ல தனித்தனியாதான் ஊத்தறோம். எவன் கலப்பான்? மெட்ராஸ்காரன் கலப்பான்."

"கலந்தா வெடிக்கும், தம்பி. பாட்டில்ல மூடி வெச்சா இன்னும் மோசம்."

"யக்கா, நாஷ்டா துன்னியா இல்லியா? வெறும் வயித்துல வந்து பயமுறுத்தறியே."

அவன் மறுபடி சுரண்டத் தொடங்கினான். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, அடுத்த பட்டறைக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். அப்போதுதான் கத்தரிக்கோலின் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

"மூடி வெச்சாலே வெடிக்குமா?" என்றாள் செல்வி.

"ஆமாம்."

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சே."

"யாரு?"

"போனு."

நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். அவளுடைய அண்ணன் படகும் இன்னும் இரண்டு பேர் படகும் தடை முடிந்த முதல் நாளே கடலுக்குப் போகின்றன. போன தடவை நடுக்கடலில் அண்ணன் படகில் விரிசல் விட்டு, தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே கரை வந்து சேர்ந்தார்கள். கையில் ரெசின் இருந்தது. ஆனால் ஆடுகிற படகில், ஈரக் கையோடு, இரண்டு திரவத்தை அளந்து ஊற்ற முடியவில்லை. அதனால் செல்வி ஒரு வழி யோசித்திருந்தாள். இரண்டையும் கரையிலேயே சரியான அளவில் கலந்து ஒரே பாட்டிலாகக் கொடுத்துவிட்டால், ஆபத்து நேரத்தில் ஒரு மூடி ஊற்றினால் போதும்.

சொல்லிவிட்டு, தார்ப்பாய் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த மூன்று காலிக் குளிர்பானப் பாட்டில்களைக் காட்டினாள்.

"நாளைக்குக் கலக்கலாம்னு இருந்தேன், யக்கா. போன வாரமே போன்ல கேட்டுக்கிட்டேன். நல்லா மூடி நெழல்ல வையுன்னு சொல்லிச்சு."

ஏழுமலை படகின் அடியிலிருந்து வெளியே வந்தான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா இன்னா சொல்லுவே? எங்க நைனா காலத்துலேர்ந்து அப்பிடி இல்லம்பே. அதான் போனைக் கேட்டேன்."

"அதுக்கு இன்னா தெரியும்?"

"உனக்குத் தெரியாததெல்லாம் தெரியுது. போன மாசம் புள்ளைக்கு ஜொரம் வந்தப்ப அதுதானே கரெக்டா சொல்லிச்சு."

அவள் மடத்தனமாக எதுவும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நடந்த விபத்திலிருந்து ஒரு வழி யோசித்தாள். செய்வதற்கு முன் ஆபத்து உண்டா என்று கேட்டாள். கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைத்தது. இதற்கு மேல் அவளிடம் எதை எதிர்பார்ப்பது?

இயந்திரம் ஏன் அப்படிச் சொன்னது என்று விளக்கினேன். "தண்ணின்னா அது நெசத் தண்ணின்னு நெனச்சிருக்கும், செல்வி. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்னு."

ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

"ஏரித் தண்ணியையும் கடல் தண்ணியையும் கலக்கலாமான்னு கேக்கறேன்னு நெனச்சிச்சா! அதுதான் மொகத்துவாரத்துல தெனம் கலக்குதே! அத்தப் போயி நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

ஏழுமலையும் சிரித்தான். நானும் சிரித்தேன். முதலில் அடங்கியது செல்விதான். அந்த மூன்று பாட்டில்களையும் எடுத்து ஒவ்வொன்றாக மூடியைக் கழற்றினாள். மூடிகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டாள். இனி அந்தப் பாட்டில்களை யாரும் எதற்கும் மூட முடியாது.

"எங்க அண்ணன் இத்த சீட்டுக்கு அடியிலதான் வெச்சிருப்பான்" என்றாள்.

நான் கிளம்பும்போது அவள் கேட்டதுதான் என்னோடு வந்தது.

"இங்க நீ கீறே, வந்து சொல்லிட்டே. அந்தாண்டக் கரையில எவளாவது கேட்டிருந்தா?"

மற்ற இரண்டு பட்டறைகளிலும் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். தொகுப்பு இன்னும் மூடப்படவில்லை. 'தவிர்' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் 'நிறுத்திவை' என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தக் கேள்வி தீரும்வரை தொகுப்பு முழுவதும் நிற்கும். எல்லோருடைய வேலையும் நிற்கும். அதற்கு முன்பு நான் அதைத் தொட்டதில்லை. அன்று அழுத்தினேன்.

குழு உரையாடலில் உடனே சலசலப்பு. முழு மதிப்பெண் கொடுத்த இருவரில் ஒருவர் கோவைக்காரர். என்னைவிட வயதில் இளையவர்.

"ஏனுங் மேடம், உங்க ஒரு தண்ணிக்காக எங்க அத்தனை பேர் வேலையும் நிக்குதுங்க" என்று எழுதினார். நியாயமான கோபம்தான். அன்று அவர் தன் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சீக்கிரம் வேலையை முடிக்க வேண்டியவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொருவர் நல்ல மனதோடு ஒரு சமரசம் சொன்னார். பதிலை "வேதிப்பொருட்களைக் கலப்பது பற்றி என்னால் சொல்ல இயலாது" என்று மாற்றிவிடலாம். யாருக்கும் ஆபத்தில்லை, தொகுப்பும் மூடப்படும். காலையில் இதைக் கேட்டிருந்தால் ஒருவேளை நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். மூன்று பாட்டில்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொல்ல இயலாது என்று பதில் வந்திருந்தால் செல்வி என்ன செய்திருப்பாள்? கலந்துதான் பார்த்திருப்பாள்.

உட்கார்ந்து காரணத்தைத் திருப்பி எழுதினேன். செல்வியைப் பற்றியோ, பட்டறையைப் பற்றியோ, அன்று மதியம் போனதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லாமல் எழுதினேன். எழுதியதன் சாரம் இது.

இந்தக் கேள்விக்கு இரண்டு பொருள் உண்டு. எது கேட்டவர் நினைத்தது என்று நமக்குத் தெரியாது. உண்மையில் தண்ணீராக இருந்து நாம் வீணாக எச்சரித்தால், கேட்டவர் சிரிப்பார், அவ்வளவுதான். ரெசின் திரவமாக இருந்து நாம் எச்சரிக்காவிட்டால் ஒருவர் கண்ணை இழப்பார், அல்லது கரையில்லாத இடத்தில் ஒரு படகு தீப்பிடிக்கும். இரண்டு தவறும் ஒரே எடை இல்லை. ஆகவே எது அதிகம் பேர் சொல்லும் பொருள் என்று பார்த்து இதைத் தீர்க்கக் கூடாது. சரியான பதில் முதலில் எந்தத் தண்ணி என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் கூடாது. படகு ஒட்டும் ரெசினுக்கான திரவங்கள் என்றால் நேராகக் கலக்கவே கூடாது, தனித்தனிப் பாட்டிலில், தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். கடலில் எளிதாக ஊற்றுவதற்காகத்தான் கேட்கிறார் என்றால் அதற்கும் வழி உண்டு: ஊதாவை முன்கூட்டியே கலந்த ரெசினாக எடுத்துப் போகலாம், வெள்ளையை ஒரு தடவைக்கு வேண்டிய அளவு மட்டும் தனியாக அளந்து கொண்டுபோகலாம்.

குழுத்தலைவி திரும்ப அழைத்தார்.

"இப்போ புரியுது அக்கா. காலையிலேயே ஏன் இப்படி எழுதல?"

"காலையில எனக்கே இவ்வளவு தெரியாது."

அவர் தொடர்ந்து சொன்னார். "எனக்குத் தமிழ் வீட்டுத் தமிழ்தான். நீங்க ரெண்டு வரியில எழுதினப்ப, ஏதோ ஊர்ப் பற்றுல சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியற மாதிரி எழுதினாத்தான் நான் உங்க பக்கம் நிக்க முடியும்." தொகுப்பு மறுநாள் மூடப்படும் என்று எல்லோருக்கும் அவரே எழுதினார். தாமதத்துக்குப் பொறுப்பு தன்னுடையது என்றும் எழுதினார். என் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை.

கோவைக்காரர் மறுநாள் எனக்குத் தனியாக எழுதினார். "மேடம், பேட்டரித் தண்ணின்னு நாமளே ஆசிட்டையும் சொல்றோம், டிஸ்டில்டு வாட்டரையும் சொல்றோம். எங்க பக்கம் சாயப்பட்டறைல 'மருந்து'ன்னா என்னென்ன அர்த்தம்னு நெனச்சுப் பாத்தேனுங்க. வேலையே ஓடலைங்க. நான் முன்னாடி மார்க் போட்டதை எல்லாம் திரும்ப எடுத்துப் பாக்கறேன்." பார்த்தார். அவர் நிறுத்திவைத்த கேள்விகளுக்காக அடுத்த வாரம் எங்கள் வேலை நின்றது.

உங்களில் பலர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். பதிலில் பிழை இருந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பதிலில் பிழையே இல்லாதபோதுதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பேன். கேள்வியில் இருக்கும் சொல் உங்கள் வாயில் என்ன பொருளோ அதே பொருள்தான் கேட்டவர் வாயிலும் என்று எப்படித் தெரியும்? தெரியாது என்றால், இரண்டில் எது தவறிப்போனால் யாருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு மதிப்பெண் போடுங்கள். வேலை தாமதமாகும். சக ஊழியர்கள் சலித்துக்கொள்வார்கள்.

நன்றியை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சில மாதங்கள் கழித்து, வேறு வேலையாக லைட்ஹவுஸ் குப்பம் போனபோது செல்வி என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, இந்தப் போனு கெட்டுப் போச்சு போல. இன்னான்னு பாரேன்."

"ஏன், என்ன செய்யுது?"

"முன்னெல்லாம் கேட்ட ஒடனே டக்குனு சொல்லும். இப்ப என்னியே திருப்பிக் கேக்குது." நான் நம்ப வேண்டும் என்று அதை என் முன்னாலேயே செய்து காட்டினாள். பொத்தானை அழுத்தி, கடலோரக் குரலில் கத்தினாள்: "போட்டுக்கு ஊத்தற ரெண்டு தண்ணியையும் ஒண்ணா கலந்து வெக்கலாமா?"

கைபேசி ஒரு நொடி யோசித்தது. பிறகு, "எந்த இரண்டு தண்ணியைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டது. ரெசினுக்கு ஊற்றுவது என்றால் வேண்டவே வேண்டாம் என்றது.

"பாத்தியா?" என்றாள் செல்வி. "ரெண்டு தண்ணின்னா எதுன்னு சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். இதுக்குத் தெரியலியாம்."

சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பது போலக் கைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை, இப்படியே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பொன்னேரிக்குப் போகும்போது கடையில் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதை இடுப்பில் செருகிக்கொண்டு, துணியைக் கத்தரிக்கப் போய்விட்டாள்.